எதுவும் கெடாத ஊரும் ஏகாம்பரத்தின் காலும்

நெடுந்தாங்கலில் முதலில் நின்றுபோனது பால் உறைவதுதான் என்று பால்காரர் வீட்டில் சொல்வார்கள், இல்லை இல்லை, அதற்கு முந்தியே கோயில் மாலை வாடாமல் கிடந்தது என்று பூக்கட்டுகிறவர்கள் சொல்வார்கள், எது முந்தி எது பிந்தி என்பதில் அந்த ஊருக்கு இன்றுவரை ஒத்துப்போனதில்லை. ஆனால் சுலோச்சனாவுக்கு அது ஆடி மாதத்தில் ஒரு காலையில், மாவுக் குண்டானை மூடியிருந்த தட்டு முந்தின நாள் வைத்த இடத்திலேயே வைத்தபடி கிடந்ததில் தொடங்கியது.

தெருவுக்கே இட்லி மாவு அவள் வீட்டிலிருந்துதான் போகும். மத்தியானம் கிரைண்டரை ஓட்டி, உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கையால் கலக்கி மூடிவைத்தால், விடிந்ததும் மாவு தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும், கல்யாண வீட்டுக்குச் சீர் எடுத்துப் போகிறவள் மாதிரி. அன்றைக்கு அது அசையவில்லை. கரண்டியை விட்டால் வெள்ளைக் களிமண்ணைக் கிளறுகிற மாதிரி இருந்தது, புளிப்பு வாசனை துளிகூட இல்லை. உளுந்தைக் குறை சொன்னாள், உப்பைக் குறை சொன்னாள், பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் கண்ணைக் குறை சொல்லி அவளுக்குக் கேட்கிற மாதிரியே மிளகாய் சுற்றிப் போட்டாள்.

"என் கண்ணுல அவ்ளோ பவரு இருந்தா உன் மாவையாடி பார்ப்பேன், என் மாமியாளப் பார்த்திருக்க மாட்டேன்?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னியம்மா சொன்னாள். "என் வீட்லயும் தயிர் உறையல, வந்து பாரு. பால் ஊத்தி வெச்சது பாலாவே கீது. ஊர்ல எவ வீட்லயும் உறையலயாம்."

காரணத்தை யாரும் பெரிதாகத் தேடவில்லை. ஏரித் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததைத் தேடுவானேன். ஏரியின் மேல்கரையில் மாத்திரை கம்பெனியின் குழாய் வாய் திறந்து கிடந்தது, வடக்குப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியின் சாக்கடை வந்து விழுந்தது, போதாததற்கு அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது: யார் செத்தாலும் அவர் படுத்த பாயும் தலையணையும் தின்னாமல் விட்ட மருந்தும் வீட்டில் தங்கக்கூடாது, தங்கினால் அடுத்தவருக்கு அந்த நோவு வரும் என்று காரியத்தன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போய் ஏரியில் விட்டுவிடுவார்கள், மாத்திரையை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, டானிக் பாட்டிலைத் திறந்து கவிழ்த்து, "உன் நோவு உன்னோட போவட்டும்" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் கரையேறுவார்கள். தாத்தா காலத்தில் கஷாயமும் லேகியமும் போன ஏரியில் அப்பன் காலத்தில் ஊசி மருந்து போனது, இப்போது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தூக்கத்துக்கும் சளிக்கும் தின்கிற எல்லாமும் போனது. ஏரி வாங்கிக்கொண்டது. வாங்கியதை மோட்டார் உறிஞ்சி, டேங்கில் ஏற்றி, தெருத்தெருவாகத் திருப்பிக் கொடுத்தது.

அதைத் திறந்துவிடுகிற வேலை சுலோச்சனாவின் புருஷன் ஏகாம்பரத்துக்கு. தோளில் நீளமான இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு சைக்கிளில் போய், குழிக்குள் காலை விட்டு வால்வைத் திருகினால் தண்ணீர் வரும், வந்ததும் முதல் கை தண்ணீரை அவன்தான் குடிப்பான். "நான் குடிச்சுப் பார்த்துட்டுதான் ஊருக்குத் தர்றேன்," என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு கெத்து.

மாவும் தயிரும் போன வருத்தம் ஊருக்கு ரொம்ப நாள் நிற்கவில்லை, ஏனென்றால் மற்றதெல்லாம் லாபமாக இருந்தது. அந்தத் தண்ணீரில் அலசிய மீன் எத்தனை நாளானாலும் கண்ணை விழித்துக்கொண்டு பளபளவென்று கிடந்தது, அறுத்த வாழையிலை பச்சையாகவே இருந்தது, பெண்கள் ஒரே மல்லிகைச் சரத்தை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு சலித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக் கனகாம்பரத்தோடு மாற்றிக்கொண்டார்கள், சோற்றில் ஊற்றிய தண்ணீர் நீராகாரம் ஆகாமல் சோறும் தண்ணீருமாகவே விடிந்தது. வெளியூர் மீன்காரர்கள் டெம்போவில் ஐஸ் இல்லாமல் வந்து ஏரியில் கூடையை முக்கி எடுத்துப் போனார்கள். ஒருவன் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, அம்மன் படம் ஒட்டி, பஸ் ஸ்டாண்டில் விற்றான்.

பிறகு ரிடையர்டு கண்டக்டர் முனிரத்தினம் செத்துப்போனார்.

மகன் குவைத்தில் இருந்தான். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிற தசரதன் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வழக்கம்போல வந்து நின்றான். பெட்டிக்கு இடம் ஒழிக்க வீட்டில் நேரமாயிற்று, அதற்குள் குளிப்பாட்டிவிடலாம் என்று ஏரித் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டினார்கள், குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள், அப்படியே சாயங்காலம் ஆயிற்று, மறுநாள் ஆயிற்று, கண்டக்டர் சாயவில்லை, வீங்கவில்லை, வாசனை சோப்பு போட்டுக் குளித்தவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். "பெட்டி வாணாம்பா, எட்தும் போ," என்று தசரதனை அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு முதலில் லீவு கிடைக்கவில்லை, பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை, பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை. அவசரமில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு எவன்தான் அவசரப்படுவான். கண்டக்டர் சன்னலோரம் உட்கார்ந்தபடி இருந்தார். தெருவில் போகிறவர்கள் "வரேன் கண்டக்டரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அவர் மனைவி ருக்மணி தலைவாரி விட்டாள், கிரிக்கெட் நடக்கும்போது நாற்காலியை டிவி பக்கம் திருப்பி வைத்தாள். அதற்கப்புறம் ஊரில் செத்த யாருக்கும் பெட்டி தேவைப்படவில்லை, பம்பாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறவரைக்கும் செத்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், தசரதன் வீட்டுக் கோழிகள் ஐஸ் பெட்டிக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன.

தண்ணீரைப் பார்க்க ஜீப்பில் ஓர் ஆபீஸர் வந்தார். கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, சொட்டு மருந்து விட்டு, "கலர் இல்ல, நாத்தமில்ல, உப்பு அளவாத்தான் இருக்கு. நாங்க பார்க்கிறதுல எல்லாமே பாஸு," என்றார்.

"நீங்க பார்க்காதது எதனா இருந்தா?" என்று ஏகாம்பரம் கேட்டான்.

"அதைப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லீங்களே," என்றார் அவர், கெட்ட மனுஷர் இல்லை, சொல்லும்போது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்த டீயும் கெடவில்லை.

இப்படி எதுவும் கெடாத அந்த ஊரில்தான் ஏகாம்பரத்தின் கால் கெட ஆரம்பித்தது.

வால்வுக் குழிக்குள் இறங்கும்போது மூடியின் இரும்பு விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது. கிழிந்த காலைக் குழித் தண்ணீரிலேயே அலசிவிட்டு அவன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வந்தபோது விரல் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. ஊர் டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், கேட்கவில்லை. சிவப்பு கணுக்காலுக்கு ஏறியபோது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்துப் போனார்கள், வந்த ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வயது டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்றாள், அவள் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"எந்த ஊரும்மா?"

"நெடுந்தாங்கல்," என்றாள் சுலோச்சனா.

டாக்டரம்மா தலையை ஆட்டினாள், நான் நினைச்சேன் என்பது மாதிரி. "உங்க ஏரில எல்லா மருந்தும் கொஞ்சங்கொஞ்சம் கரைஞ்சு கிடக்கும்மா. நோயைத் தீர்க்கிற அளவுக்கு இல்ல, கிருமியைப் பழக்குற அளவுக்கு. மெலிசான கிருமி, சாதுவான கிருமி, மாவைப் புளிக்கவைக்கிறது, பாலை உறையவைக்கிறது, அதெல்லாம் செத்துப்போச்சு. எது சாவலையோ அதுதான் மிச்சம். அது எங்ககிட்ட இருக்கிற எல்லா மருந்தையும் உங்க ஏரிலயே பார்த்துட்டு வந்திருக்கு."

"அப்போ புதுசா ஒரு மருந்து குடுங்கம்மா. அது பார்க்காத மருந்து."

"இருந்தா குடுத்திருப்பேனே," என்றாள் டாக்டரம்மா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "காலை எடுத்துப் பார்க்கலாம். ஆனா ரத்தத்துல கலந்திருச்சோன்னு பயமா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அந்தத் தண்ணி மட்டும் புண்ணுல படவே கூடாது, கேட்டுக்குங்க," என்றாள்.

காலை எடுக்க ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு எந்தக் குழியில் இறங்குவது என்று கேட்டான். வீட்டுக்கு வந்தார்கள்.

தெரு முழுக்கத் தலைகீழாக ஒன்றை நினைத்தது, நினைத்ததில் குற்றமும் சொல்ல முடியாது. மீனைக் கெடாமல் வைத்த தண்ணீர், பூவை வாடாமல் வைத்த தண்ணீர், கண்டக்டரைச் சன்னலோரம் மாப்பிள்ளை மாதிரி உட்காரவைத்த தண்ணீர், அது ஒரு மனுஷன் காலைக் காப்பாற்றாதா? டாக்டர் வெளியூர்க்காரி, அவளுக்கு என்ன தெரியும். கன்னியம்மா குடம் கொண்டுவந்தாள், எதிர்வீட்டுக்காரர்கள் குடம் கொண்டுவந்தார்கள், ஏகாம்பரம் இத்தனை வருஷம் யார் யார் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிட்டானோ அவர்கள் எல்லோரும் ஒரு குடம் இரண்டு குடம் என்று தலையில் சுமந்து வந்து வாசலில் இறக்கினார்கள், ஏரியின் நடுப்பக்கத் தண்ணீர்தான் கெட்டி என்று பரிசலில் போய் மொண்டு வந்தார்கள்.

"வாணாம்க்கா. டாக்டரம்மா வாணாம்னு சொல்லுச்சு," என்று சுலோச்சனா வாசலை மறித்தாள்.

"செத்த பொணத்தையே கெடாம வெச்சிருக்குதுடி! உசுரோட கீறவன வெக்காதா? உன் புருஷன் மேல உனக்கு ஆசை இல்லியா?" என்றாள் கன்னியம்மா.

ஆசை இருந்தது. டாக்டரம்மாவிடம் மருந்து இல்லை, இவர்களிடம் தண்ணீராவது இருந்தது. அவள் விலகி வழிவிட்டாள், விலகியதோடு நிற்காமல் தானே அண்டாவில் ஊற்றி, தானே அவன் காலைத் தூக்கி அதில் வைத்தாள். ஜில்லென்று சுகமாக இருக்கிறது என்றான் ஏகாம்பரம். அன்றைக்குச் சாயங்காலம் சிவப்பு முழங்காலைத் தொட்டது.

அப்போதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஊரே மறந்துபோன வாடை. தெருவில் போகிற பிள்ளைகள் நின்று, மூக்கைச் சுருக்கி, "இது இன்னா வாசனைம்மா?" என்று கேட்டார்கள், அழுகல் என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"பார்த்தியாம்மே," என்றான் ஏகாம்பரம், காய்ச்சலில் சிரித்தபடி. "ஊர்ல செத்தவனெல்லாம் மணக்குறான். உசுரோட கீற ஒருத்தன் நாறுறேன்."

"பேசாம படு மாமா."

"படுத்துனுதான கீறேன். இன்னா, நாக்கு செத்துப்போச்சு. ஒரே ஒரு இட்லி கிடைச்சா போதும் சுலோ. பழைய மாதிரி, பஞ்சாட்டம். தொட்டா அமுங்கி எழுந்துக்குமே, அந்த மாதிரி."

அவள் அன்றைக்கே அரைத்தாள். மாவு வியாபாரத்தை விட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, கிரைண்டர் கல்லில் சிலந்தி கட்டியிருந்தது, அதைத் துடைத்து, கொஞ்சூண்டு அரிசி கொஞ்சூண்டு உளுந்து போட்டு, அவன் காலுக்குக் கட்டு மாற்றுவதற்கும் பிள்ளையைப் போல அவனைத் துடைத்து விடுவதற்கும் நடுவில் அரைத்து, உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கி மூடிவைத்தாள். மாவு எழவில்லை. மறுநாளும் அரைத்தாள். அதற்கு மறுநாளும். அடுத்த ஊரிலிருந்து பழைய மாவு ஒரு கிண்ணம் வாங்கிவந்து கலந்தாள், இந்தத் தண்ணீர் பட்டதும் அது அவள் கண்ணெதிரிலேயே ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கிப்போனது. கேன் தண்ணீரில் அரைக்கலாமே என்றால், அரிசி கழுவிய குண்டானும் உப்பும் அவள் கையும்கூட அந்தத் தண்ணீரில் ஊறியவைதான். தினமும் தட்டைத் திறந்து பார்ப்பாள், தினமும் அவன் படுக்கையிலிருந்து கேட்பான்: "எழுந்துச்சா?"

"நாளைக்கு எழுந்துக்கும் மாமா."

கடைசியாகக் கலக்கிய அன்றைக்கு அவள் கை கழுவினாளா என்று அவளுக்கு ஞாபகமில்லை. கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், அவன் முனகினான், "மாவு கலக்கினியாம்மே?" என்று கேட்டான், "இதோ" என்று ஓடினாள். ஓடிவந்து மறுபடி கட்டினாள். கழுவினாலும் எந்தத் தண்ணீரில் கழுவியிருப்பாள். விடியும் முன்னால் அவன் போய்விட்டான், குண்டானை யாரும் திறந்து பார்க்கவில்லை.

செத்தவரை வைத்திருக்கப் பழகிய ஊர் நிதானமாகத்தான் வந்தது. நாற்காலி கொண்டுவந்தார்கள், ஏரித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள், உட்காரவைத்தார்கள். ஏகாம்பரம் உட்காரவில்லை. வெயில் ஏறுவதற்குள் வயிறு உப்பியது, முகம் மாறியது, தோல் கையோடு வந்தது, ஊற்ற ஊற்ற அது கூடியது. நின்றவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தெருமுனைக்குப் போனார்கள். தசரதனுக்கு ஆள் ஓடியது, அவன் கோழிகளை விரட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்து, மோட்டாரில் எலி கூடு கட்டியிருக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னான். குழி தோண்டுகிறவர்களுக்கு மண்வெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள், பறை அடிக்கக்கூட நேரமில்லை.

எல்லோரும் போன பிறகு ருக்மணி மட்டும் வந்து சுலோச்சனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் வீட்டுக்காரர் போயிட்டாரு சுலோ," என்றாள். "என் வீட்டுல ஒருத்தர் போவவே மாட்டேங்கிறாரு. தினம் தலை வாருறேன். அழுறதுக்கு ஒரு நாள் வேணும்ல, அந்த நாள் எனக்கு வரவே இல்லடி."

மறுநாள் காலையில் கன்னியம்மா கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தவள் சமையல்கட்டு வாசலிலேயே தம்ளரைக் கீழே போட்டாள்.

"சுலோ! ஏய், சுலோ! மாவுடீ!"

குண்டானின் தட்டு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மாவு அதைத் தூக்கி எறிந்திருந்தது. விளிம்பைத் தாண்டி, வெள்ளை வெளேரென்று குமிழ் குமிழாக, மேடை மேல் வழிந்து, தரைக்கு இறங்கி, இன்னும் எழுந்துகொண்டிருந்தது. கன்னியம்மா போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. ஒருத்தி அழுதாள், ஒருத்தி குலவை போட்டாள், போட்ட பிறகுதான் இழவு வீடு என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏகாம்பரம் குடுத்துட்டுப் போயிருக்காருப்பா," என்று யாரோ சொன்னார்கள், சொன்னது சொன்னதாகவே ஊரில் பரவிற்று. ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. உறைக்கு ஒரு கரண்டி என்று வாசலில் வந்து கேட்கிறவளுக்கு இல்லையென்று சொல்வது அந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம்.

சுலோச்சனா குனிந்து மோந்தாள். புளிப்பு வாசனை இல்லை. அவளுக்குத் தெரியும் அந்த வாசனை. ராத்திரி பகலாக அதோடுதான் இருந்தாள்.

"யாரும் தொடாதீங்க," என்றாள். "இது அவர் கால்ல இருந்தது. என் கையோட வந்திருக்குது. இந்தத் தண்ணியில வேற எதுவும் பிழைக்கல, இது ஒண்ணுதான் பிழைச்சிருக்குது."

"பாவம், துக்கத்துல பேசுறா," என்றாள் எதிர்வீட்டுக்காரி, குரலைத் தாழ்த்தி.

"இல்லக்கா. டாக்டரம்மா சொல்லுச்சு. கேளுங்களேன். உங்க காலத் தொட்டுக் கேக்குறேன்."

"சரிடி, சரிடி. நீ முதல்ல காப்பியக் குடி." கன்னியம்மா அவள் தலையைத் தடவினாள், அன்பாகத்தான் தடவினாள், தடவியபடியே இன்னொரு கையால் தன் கிண்ணத்தை முக்கி எடுத்துக்கொண்டாள்.

அவர்களை விலக்கிக்கொண்டு சுலோச்சனா குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி கொல்லைக்கு ஓடினாள். அடுப்பை மூட்டிக் கரண்டியால் அள்ளி நெருப்பில் போட்டாள். அது சீறிக் கருகியது. ஒரு கரண்டி கருகுவதற்குள் குண்டானில் இரண்டு கரண்டி எழுந்தது, போடப் போட அடுப்பே அணைந்து சாம்பல் மேல் வெள்ளையாகக் குமிழ் விட்டது. புதைக்கலாமென்றால், கொல்லை மண்ணுக்கு ஒரு முழத்துக்குக் கீழே ஏரி ஊற்று. சாக்கடையில் கொட்டலாமென்றால், சாக்கடை ஏரிக்குப் போகிறது. ஏரியில் விடலாம் என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி யாரோ சொன்னார்கள், அவர் மருந்தையும் பாயையும் நாளைக்கு விடத்தானே போகிறோம், கூடவே இதையும் விட்டுவிடு, அவர் நோவு அவரோடு போகட்டும்.

அவள் நான்கு பக்கமும் பார்த்தாள். ஊரில் எந்தப் பள்ளத்தில் எதைக் கொட்டினாலும் அது ஏரியில் போய்ச் சேர்ந்து, மோட்டார் ஏறி, டேங்க் நிறைந்து, குழாயில் வரும். அந்த வழி அவளுக்கு மனப்பாடம், கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் தோளில் சாவியோடு போய்வந்த வழி அது. தெருவில் இன்றைக்கு வேறு யாரோ வால்வு திறந்துவிட்டிருந்தார்கள். குடங்களில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கன்னியம்மா வீட்டில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுகிற சத்தமும், அதற்கு முன்னால் அவள் நாளைய உறைக்கென்று ஒரு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்து மூடிவைக்கிற சத்தமும் கேட்டது.

சுலோச்சனா குண்டானை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மாவு விளிம்பேறி அவள் கைகளில் வழிந்து, முழங்கையில் சொட்டி, புடவையை நனைத்து, மெல்லிய கோடாகக் கொல்லைக் கால்வாயைப் பார்க்க நகர்ந்தது. அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். தொட்ட இடம் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிறகு, அவன் கேட்ட மாதிரியே, மெல்ல எழுந்து அவள் கையைத் தூக்கியது.